மிட்டாய் பெயரில் ஒரு சிரிப்பு

ஜூன் 3

இன்று நாற்பத்தோரு வாடிக்கையாளர் அழைப்புகளின் பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்தேன். துணி துவைக்கும் மெஷினுக்காக மனிதர்கள் இவ்வளவு கத்துவார்களா! பேச்சைத் தமிழில் தட்டுவது சுலபம். சிரிப்புதான் தொல்லை. தொலைபேசியில் யார் சிரித்தாலும் அது என்ன சிரிப்பு என்று ஆங்கிலத்தில் குறிக்க வேண்டுமாம். தலைமை அலுவலகத்தின் புது உத்தரவு. சக்கிள், கிகிள், கஃபா, கேக்கிள், ஸ்னிக்கர் – திரையில் ஐந்து பொத்தான்கள். அழுகைக்கு ஒன்றே ஒன்று. எவன் எப்படி அழுதால் இவர்களுக்கென்ன?

ஜூன் 4

வீட்டில் ஐந்தையும் சிரித்துப் பழகினேன். கேக்கிள் வந்ததும் தங்கை எட்டிப் பார்த்தாள். “என்னண்ணா, முட்டை போடப் போறியா?” அகராதியைப் பார்த்தால், அது கோழிக் கொக்கரிப்பேதான்!

ஜூன் 9

ரேடியோ அக்கா பேசிய அழைப்பு ஒன்று தட்ட வந்தது. கீழ்த்தளத்தில் போன் எடுப்பவர். வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். ஒரு ஆள் மூன்று நிமிடம் காட்டுக் கத்தல். முடிவில் அக்காவிடமிருந்து சின்னதாக ஒரு “க்ஹி”. ஸ்னிக்கரை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

ஜூன் 16

அக்காவுக்குக் கடிதம் வந்திருக்கிறது. வாடிக்கையாளரை ஏளனம் செய்தாராம். வியாழக்கிழமை விசாரணை. வேலை போகலாம்.

“நானாடா ஏளனம் பண்ணேன்? பயந்தா எனக்குச் சிரிப்பு வந்துடும். பள்ளிக்கூடத்துல அடி வாங்குறப்பகூட சிரிச்சு, அதுக்குத் தனியா அடி வாங்கினவ நான்.” சொல்லும்போதும் ஒரு க்ஹி. கண் கலங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் கேட்டேன்.

“ஸ்னிக்கர்னா நமட்டுச் சிரிப்புண்ணா. அடுத்தவங்கள இளப்பமா நினைச்சு சிரிக்கிறது.”

“ஸ்னிக்கர்ஸ்னு ஒரு மிட்டாய் இருக்கே. இனிப்பான சிரிப்புன்னு நினைச்சு அகராதியே பார்க்கல.”

அவள் சிரிக்கவில்லை.

ஏளனம் என்று எழுதியது யார்? நான்தான். என் விரல்தான்.

ஜூன் 17

சொன்னால் என் வேலை? நான் தற்காலிக ஆள். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. போ என்றால் போக வேண்டியதுதான். சொல்லாவிட்டால் – ரெண்டு பிள்ளை வச்சிருக்கு அந்த அக்கா. நான் இதைப் போய் யோசிச்சிட்டு உக்காந்திருக்கேன். த்தூ.

ஜூன் 19

கூப்பிடாமலே விசாரணை அறைக்குள் போனேன். மேலாளர் நிமிர்ந்தார்.

“சார், அது என் தப்பு. அர்த்தம் தெரியாம, மிட்டாய் பேருன்னு நினைச்சுப் போட்டுட்டேன்.”

“தெரியாம எப்படிப்பா போடுவ?”

“சக்கிளுக்கும் கிகிளுக்கும் என்ன வித்தியாசம்னு நீங்க சொல்லுங்க சார்.”

அவர் ஜன்னலைப் பார்த்தார். பேனா மூடியைப் பார்த்தார். பிறகு கோபத்தை அக்கா பக்கம் திருப்பினார். “அது ஏளனம் இல்லைன்னு நீங்களாவது முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?”

“க்ஹி,” என்றார் அக்கா.

அக்கா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

“இதேதான் சார்! பதிவுல இருக்கிறது இதேதான். இப்ப உங்களையா கேலி பண்றாங்க?”

மேலாளரின் உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. குபீரென்று வெடித்து, மேசையில் அடித்துச் சிரித்தார். கஃபா. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடிதம் ரத்து. எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. அர்த்தம் சொல்லித் தராத தலைமை அலுவலகத்துக்கு எச்சரிக்கை யார் கொடுப்பது? வெளியே வந்ததும் அக்கா முதுகில் ஒன்று வைத்தார். “பாவி, மிட்டாயாடா நினைச்ச?” நல்ல கனமான கை.

ஜூன் 24

ஒன்றுமில்லை. முப்பத்தெட்டு அழைப்புகள். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஜூலை 2

ஆறாவது பொத்தான் வந்துவிட்டது: நெர்வஸ் லாஃப், அதாவது பயச் சிரிப்பு. அக்கா வைத்த பெயர், “என் பொத்தான்”.

மதியம் அவருடைய அழைப்பு ஒன்று என்னிடம் வந்தது. மறுபடி ஒரு காட்டுக் கத்தல். விரலை ஆறாவதன் மேல் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

“மெதுவா சொல்லுங்க சார். கெட்டுப்போனது உங்க மெஷின், என் காது இல்ல,” என்றார் அக்கா.

க்ஹி வரவில்லை. அந்த ஆள்தான் சிரித்தான், ஹெஹெ என்று.

ஆறு பொத்தான்களையும் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. தமிழிலேயே தட்டினேன்: அசடு வழிகிறார்.