எறும்புகளின் மொழி

என் எறும்புக்காரிக்கு,

மாமா எழுதுவது. இந்தப் பல்கலைக்கழகத்தின் பதினான்கு துறைகளும் என் சைக்கிளை நம்பித்தான் ஓடுகின்றன. தபால் பையை நான் ஒருநாள் கீழே வைத்தால், நட்சத்திரம் எண்ணுகிறவர் முதல் செப்பேடு படிக்கிறவர் வரை கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள்.

விலங்கியல் பேராசிரியர் "எறும்பு பேசுமா?" என்று சிரித்ததும் நீ ஆராய்ச்சியே வேண்டாமென்று வீட்டுக்குக் கிளம்பிவிட்டாய். போகும்போது, "இதைத் துறையில குடுத்துடுங்க மாமா" என்று ஒரு கட்டுத் தாளைத் தந்தாய். மேலே 'எறும்புகளின் மொழி' என்று இருந்தது. மொழி என்றால் மொழியியல் துறைதானே? அங்கே கொடுத்துவிட்டேன். இதற்குப் பெயர் தவறு அல்ல, தொலைநோக்கு.

நேற்று மொழியியல் துறைத் தலைவி கூப்பிட்டனுப்பினார்.

"யாருங்க இதை எழுதினது?"

"என் அக்கா பொண்ணும்மா. சொல்லிக் குடுத்தது நான்தான்."

அவர் சிரித்துவிட்டார். "எறும்பு வயித்தை உரசுற சத்தத்துல இலக்கணம் தேடியிருக்கா! ரெண்டு துறையும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை இது. திங்கட்கிழமை வரச் சொல்லுங்க. விலங்கியல்ல நானே பேசுறேன்."

பிறகு என்னை உட்காரச் சொன்னார். எல்லாத் துறையிலும் எனக்கு நாற்காலி உண்டு என்று உன்னிடம் அளந்திருக்கிறேன். உண்மையில் இதுதான் முதல் நாற்காலி.

வந்துவிடு. சைக்கிள் கேரியரைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

பதினான்கு துறைகளின் தூண்,
உன் தாய்மாமன்