எட்டு பேட்டரியும் என் அண்ணனும்

சைக்கிள் கம்பியில் என்னை உட்காரவைத்து ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மிதித்துக்கொண்டு போன என் அண்ணனுக்கு,

உங்கள் இரண்டாம் ஆண்டு நினைவுக்குப் பத்திரிகையில் படம் போடலாம் என்றார் அண்ணி. படத்துக்குக் கீழே நாலு வரி எழுதித் தரச் சொன்னார். உட்கார்ந்து பார்த்தேன், நாலு வரியில் அடங்கவில்லை. உங்கள் மேல் எனக்கு அவ்வளவு கோபம் இருக்கிறது. படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

எல்லாம் அந்தக் காரால் வந்தது.

காருக்கு ஊற்றும் எண்ணெய் விலை ஏறியபோது ஊரில் எல்லோரும் முணுமுணுத்துவிட்டு எண்ணெய் ஊற்றினார்கள். நீங்கள் மட்டும் ஏன் அண்ணே அப்படி? ஈப்போ பக்கம் ஜெலாப்பாங் தொழிற்சாலையில் பேட்டரியில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளுக்கு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர், அங்கே கழித்துப்போட்ட ஒரு மோட்டாரைக் கேட்டு வாங்கி வந்தீர்கள். பழைய காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு அதைப் பொருத்தினீர்கள். முன்னால் மூன்று, பின்னால் ஐந்து, மொத்தம் எட்டு பேட்டரி. இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. முதல் நாள் அது சத்தமே இல்லாமல் தெருவில் போனபோது நான் கைதட்டினேன். அது என் தப்பு.

உங்கள் காரியம் முடிந்த மறுவாரம் அண்ணி சாவியை என்னிடம் கொடுத்தார். அவருக்கு ஓட்டத் தெரியாது. நான் பள்ளிக்கூட டீச்சர், லைசென்ஸ் வைத்திருக்கிறேன், அடுத்த வீட்டில் இருக்கிறேன். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? உங்கள் கை பட்ட பொருள், அண்ணிக்கு அதைப் பார்த்தால் ஆறுதலாக இருக்கும் என்று வாங்கிக்கொண்டேன்.

அதோடு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை எட்டு பேட்டரிக்கும் மூடியைத் திறந்து, காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆசிட் தெறித்து என் நல்ல சேலைகளில் எல்லாம் ஓட்டை. சார்ஜ் ஏற்ற ஜன்னல் வழியாக ஒயர் இழுத்தால் ஜன்னலைச் சாத்த முடியாது, கொசு. எண்ணெய்க் காசு மிச்சம் என்பீர்களே, மின்சார பில்லை யார் பார்த்தது? பேட்டரி ஒன்று போனால் மற்றதும் கூடவே சாகும், எட்டையும் சேர்த்து மாற்ற என் இரண்டு மாதச் சம்பளம் வேண்டும். இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கக் கூடாதா? பானெட்டுக்கு உள்பக்கம் பென்சிலில் ஏதோ கிறுக்கியிருக்கிறீர்கள். அது உங்களுக்கு மட்டும்தான் புரியும்.

சாலை வரி கட்டப் போனேன். எஞ்சின் எத்தனை சிசி என்று பாரத்தில் ஒரு கட்டம். எஞ்சினே இல்லை என்றேன். கவுண்டரில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அப்படியானால் இது என்ன என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?

புதிதில் இருபது மைல் ஓடிய கார் கடைசியில் ஆறு மைலுக்கே மூச்சுவாங்கியது. போன வருஷம் ஒரு நாள், உங்கள் தொழிற்சாலை கேண்டீன் வேலைக்கு அண்ணியைப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் போகலாம் என்றார் அண்ணி. அண்ணன் கார் இருக்கும்போது பஸ் எதற்கு என்று நான்தான் அடம்பிடித்தேன். நம் ஊர் கோப்பெங்கிலிருந்து கிளம்பி சிம்பாங் பூலாய் தாண்டியதும் நின்றுவிட்டது. நல்ல வெயில். அண்ணி பட்டுச் சேலையோடு பின்னால் இறங்கித் தள்ளினார். எட்டு பேட்டரி கனம், அசையுமா?

தள்ளுவதை விட்டுவிட்டு அண்ணி சாலையோரத்தில் உட்கார்ந்தார். "ராஜம், இத வித்துடுலா," என்றார். "உனக்காகத்தான் இத்தன நாளும் பொறுத்துக்கிட்டேன்."

நான் அவர் முன்னால் போய் நின்றேன். "நான் உங்களுக்காகத்தானே அண்ணி வச்சிருக்கேன்?"

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "உங்கண்ணன் நெஞ்சு தாங்காது, பாரம் தூக்கக் கூடாதுன்னு பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லிட்டாரு. அடுத்த வாரமே எட்டையும் எறக்கி, புதுசு ஏத்துனாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. இந்தக் காரப் பாக்குறப்பல்லாம் இதுதான் அவரக் கொண்டுபோச்சுன்னு தோணுது."

ஏன் அண்ணே சொல்லவில்லை? நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கு நாலு தூக்கியிருக்க மாட்டோமா? அந்தப் பேட்டரிகளுக்குத்தானே வாராவாரம் நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்? அந்த வெயிலில், நடுச்சாலையில், உங்கள் பெயரைச் சொல்லித் திட்டி அழுதேன். அண்ணி என்னைத் தடுக்கவில்லை.

ஒரு சுண்ணாம்புக்கல் லாரிக்காரர் நிறுத்தி, எண்ணெய் தீர்ந்துவிட்டதா என்று மலாயில் கேட்டார். பேட்டரி தீர்ந்துவிட்டது என்றேன். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, எஞ்சினைத் திருடிவிட்டார்களா என்று கேட்டார். அழுத கண்ணோடு அண்ணி சிரித்துவிட்டார். லாரிக்காரர்தான் கயிறு கட்டி ஈப்போ வரை இழுத்துப்போனார். நாங்கள் ஜெலாப்பாங் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

மறுவாரமே விற்றேன். முழுக் காராக வாங்க ஆள் இல்லை. பேட்டரிகளை ஈயத்துக்காகப் பழைய இரும்புக்காரர் எடுத்துக்கொண்டார், காரின் உடம்பை இன்னொருவர். மோட்டாரை மட்டும் உங்கள் தொழிற்சாலை ஆட்களே வந்து வாங்கிப்போனார்கள். இன்னும் ஒரு ஃபோர்க்லிஃப்டில் ஓடுகிறதாம். வாங்க வந்த பெரியவர், இவ்வளவு சுத்தமாக ஒயர் கட்டிய ஆளைத் தான் பார்த்ததில்லை என்றார். அதைக் கேட்கவாவது நீங்கள் இருந்திருக்கலாம்.

மூன்று மாதம் கழித்து அதே கேண்டீனில் ஆள் கேட்டார்கள், அண்ணி சேர்ந்துவிட்டார். தினமும் இரண்டு பஸ் மாறிப் போகிறார். நான் இப்போது ஒரு பழைய காரை வாங்கியிருக்கிறேன். எண்ணெய் ஊற்றினால் ஓடும், ஊற்றாவிட்டால் நிற்கும். வேறு ஒன்றும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அதைப் பார்த்துவிட்டு அண்ணி என்ன கேட்டார் தெரியுமா? "எனக்கும் ஓட்டக் கத்துக் குடேன்." நாற்பத்தெட்டு வயதில்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பாடம். கைவிட்ட ஈயச் சுரங்கத்துப் பக்கம் மணல்திடல் இருக்கிறதே, அங்கேதான். கிளட்சை விடத் தெரியாமல் பத்து தடவை நிறுத்துவார், எனக்குப் பொறுமை கிடையாது, உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வாக்குத் தருகிறேன். அண்ணியிடம் ஒரு தடவைகூடக் கத்த மாட்டேன். கத்துவதற்கு எனக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

கோபம் இன்னும் தீராத
உங்கள் தங்கச்சி,
ராஜம்