காற்றுக்குக் கட்டிய முக்காலி

ஏப்ரல் 3
காமிராவின் மர முக்காலியை இன்று வாசல் வரைதான் தூக்க முடிந்தது. ஏழரைக் கிலோ. இருபது வருடமாக என் கணவர் ஆன்செல்மோ இதைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் குன்றேறுவார். காமிராப் பையோடு பின்னால் வரும் நான் "மெதுவா, மெதுவா" என்று கத்துவேன்.

மே 14 வந்தால் அவருடைய படகு திரும்பாமல் ஒரு வருடம். உடல் கிடைக்கவில்லை. கல்லறையில் பெயர் மட்டும் இருக்கிறது. ஒரு படம் பதிக்கலாம் என்கிறார் பாதிரியார். எந்தப் படம்? காமிராவைப் பார்த்ததும் சிரித்துக் கெடுத்துவிடுகிற மனிதர். அவர் போன கடலையே பதிக்கப்போகிறேன். பாறைமுனையிலிருந்து, பெரிய காமிராவில், பாறையின் ஒவ்வொரு வெடிப்பும் தெரிய. ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு முன், அதே நாள் விடியலில் எடுக்கவேண்டும்.

ஏப்ரல் 5
கொழுந்தன் இரேனியோவைத் தூக்கிவரக் கேட்டேன்.

"முதுகு சரியில்ல அண்ணி."

பொய். நேற்றுதான் ஒரு பன்றியைத் தனியாகத் தூக்கி வண்டியில் ஏற்றினான். அன்றைக்கு அவனும் அந்தப் படகில் போகவேண்டியவன். காய்ச்சல் என்று தங்கிவிட்டான். அதிலிருந்து தன் படகைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறான். உட்காருவதுகூடக் கடலுக்கு முதுகைக் காட்டித்தான். திட்டு வாய்வரை வந்தது.

ஏப்ரல் 9
லேசான முக்காலி கேட்டு மணிலா காமிராக் கடைக்காரரிடம் போனில் அரைமணி நேரம். பொறுமைசாலி.

"எவ்வளவு எடை தாங்கும்னு மட்டும் பாக்காதீங்கம்மா. உங்க காமிராவோட மடிப்புத் துருத்தி படகுப் பாய் மாதிரி காத்தப் பிடிக்கும். முக்காலிக்கு நடுத்தண்டு வேண்டவே வேண்டாம், ஏத்தினா ஆடும். காலும் மூணு துண்டா இருக்கட்டும். மூட்டு கூடினா ஆட்டமும் கூடும்."

கார்பன் இழையில் செய்தது ஒன்று இருக்கிறதாம். இரண்டு கிலோகூட இல்லை. நம்பலாமா? எங்கள் பாத்தானீஸ் தீவுக் காற்றை அவர் பார்த்ததில்லை.

ஏப்ரல் 10
அதையே அனுப்பச் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 22
விமானத்தில் வந்து சேர்ந்தது. ஒரு கையால் தூக்கினேன்! இரேனியோ சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"என்ன அண்ணி, கொக்கு வாங்கியிருக்கீங்க?"

ஒரு வருடத்தில் அவன் கேலி பேசி இன்றுதான் கேட்கிறேன்.

ஏப்ரல் 27
தனியாகவே முனைக்கு ஏறினேன். மூச்சு வாங்கவில்லை. ஆனால் காற்று — காமிரா நடுங்கிக்கொண்டே இருந்தது. முக்காலியின் அடிக்கொக்கியில் கல் நிரப்பிய பையைத் தொங்கவிட்டேன்; பை ஊஞ்சலாடி முக்காலியையும் சேர்த்து இழுத்தது. படமெடுக்கக் காமிரா திறந்திருந்தது அரை நொடிதான். பிலிமைக் கழுவிப் பார்த்தால் ஒவ்வொரு பாறையும் இரண்டிரண்டாக.

எடை வேணாம்னு நான்தானே கேட்டேன். எடை இல்லாம எதுதான் நிக்கும்? இத்தனை வருஷம் நான் எப்படி நின்னேன்? அவர் இருந்தார். வேற என்ன.

அழுதேன்.

மே 6
புயல் மாதங்களுக்கு முன் வீட்டுக் கூரையைக் கட்ட இரேனியோ வந்தான். வழக்கம்போல் கூரைப் புல்லின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு, முனைகளைத் தரையில் புதைத்த கல்லில் இறுக்கி முடிச்சு. கீழே நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். புல்தானே அது. ஒவ்வொரு வருடமும் நிற்கிறதே! கல்லை நாங்கள் கூரையில் தொங்கவிடுவதில்லை. எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

"மிச்சக் கயிறு இருந்தா குடு."

"எதுக்கு?"

"கொக்கக் கட்ட."

எங்கே என்று அவன் கேட்கவில்லை. கையிலிருந்த முடிச்சை இறுக்கிவிட்டு, "நீங்க போடற முடிச்சுல ஆடுகூட நிக்காது," என்றான்.

மே 14
விடியுமுன் கதவைத் திறந்தேன். வாசலில் இரேனியோ, தோளில் கயிறு.

முனையில் தரையைப் பார்த்தபடியே வேலை செய்தான். முக்காலித் தலையிலிருந்து மூன்று கயிறு, மூன்று பாறைக்கு. காமிராவை விரலால் சுண்டினேன். அசையவில்லை. கறுப்புத் துணிக்குள் தலையைவிட்டு, காமிராவின் பின்கண்ணாடியில் கூர்மை பார்த்தேன்.

"நீயும் பாக்கறியா?"

"வேணாம் அண்ணி."

"தலைகீழாத்தான் தெரியும்."

மிச்சக் கயிற்றைச் சுருட்டிக் கீழே வைத்தான். பிறகு துணிக்குள் நுழைந்தான்.

"கடல் வானத்துக்கு மேல இருக்கு அண்ணி."

"ஆமா."

"அப்ப அண்ணன் அடியில இல்ல."

துணி குலுங்கியது. அவன் வெளியே வரும்வரை காத்திருந்துவிட்டுப் படம் எடுத்தேன். திருப்பலிக்குச் சேர்ந்தே போனோம்.

மே 16
கழுவினேன். ஒவ்வொரு வெடிப்பும் தெரிகிறது.

மே 19
இரேனியோ வந்து கயிற்றைத் திருப்பிக் கேட்டான். கூரைக்கா என்றேன்.

"படகுக்கு."

எடுத்துக் கொடுத்தேன்.