கோப்பை வரும் முதல் வீடு

12-8-1974, திங்கள்

விடிந்ததும் விசில். மைதானம் எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே இருப்பதால் தினமும் அந்த விசிலில்தான் எழுந்திருக்கிறேன். நான் பையன்களைச் சடுகுடு ஆட வைத்த காலத்தில் விசில் கிடையாது. கை தட்டுவேன், வந்துவிடுவார்கள். கணக்கு வாத்தியாருக்கு விசில் எதற்கு? பள்ளிக்கு டிரில் மாஸ்டர் இல்லாத காலம் அது. வகுப்பில் கணக்கு, மாலையில் கோடு கிழித்து ஆட்டம் என்று என் ஆயுசு போனது.

நான் ஓய்வு பெற்ற பிறகு டிரில் மாஸ்டராக வந்தவர் பாண்டுரங்கன். இளைஞர். ஆரணிப் பக்கம். காலையில் ஓட்டம், மாலையில் ஆட்டம், இரண்டு வேளையும் விசில். பையன்களுக்கு நீல பனியன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். சடுகுடு என்று சொல்லக் கூடாதாம். கபடி.

வகுத்தல் சொல்லிக்கொடுக்கும்போது பையன்களிடம் சொல்வேன்: எவ்வளவு சரியாக வகுத்தாலும் சில கணக்கில் மீதி நிற்கும், அது தப்பில்லை, ஓரமாக எழுதி வை என்று. இப்போது அந்த மீதி நான்தான். ஓரமாக, ஜன்னலில்.

16-8-74

நேற்று கொடியேற்றத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டாவது வரிசையில் நாற்காலி. தலைமையாசிரியர் இந்த ஆண்டுச் செய்திகளை வாசித்தார். சாரணர்கள் காஞ்சிபுரத்தில் முகாம் போட்டு நல்ல பெயர் வாங்கியது, எட்டாம் வகுப்பு நாடகம், கண்காட்சிக்கு இரண்டு பையன்கள் களிமண்ணில் செய்த செம்பரம்பாக்கம் ஏரி. மதகைத் தூக்கினால் நிஜமாகவே தண்ணீர் வந்தது. ஓட்டத்தில், நீளம் தாண்டலில் முதல் பரிசுகள். எல்லாவற்றுக்கும் மனதாரக் கை தட்டினேன். எங்கள் பையன்கள்தானே.

கடைசியில், இத்தனைக்கும் காரணம் பாண்டுரங்கன் அவர்களே என்றார். கூட்டமே தட்டியது. என் கை கொஞ்சம் தாமதமாக எழுந்தது. யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். என் மனைவி கிளாரா பார்த்தாள்.

30-8-74

கபடியில் தாலுக்காவை ஜெயித்துவிட்டார்கள். தாலுக்காவுக்கு இப்போதெல்லாம் கோப்பை கிடையாது, சான்றிதழ்தான். இனி காஞ்சிபுரத்தில் மாவட்ட இறுதி ஆட்டம். என் காலத்தில் நாங்கள் தாலுக்காவைத் தாண்டியதில்லை. ஒரு தடவைகூட இல்லை.

சாப்பாடு இறங்கவில்லை.

5-9-74

கிளாரா இன்று சும்மா இருக்காமல் பழையதைக் கிளறினாள். "மாவட்டக் கோப்பை பெருசா இருக்குமில்ல? நம்ம அண்டா பானகம் போதுமா?"

அறுபத்தொன்றில் முதல் தாலுக்காக் கோப்பை. சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய பையன்கள் வெயிலில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தாகம். வீட்டில் இருந்ததோ இரண்டே டம்ளர். கிளாரா பார்த்தாள், கோப்பையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினாள், அதிலேயே பானகத்தை ஊற்றிவிட்டாள். ஊர்த்தெருப் பையனும் காலனிப் பையனும் ஒரே கோப்பையில் வாய் வைத்துக் குடித்தார்கள். அண்ணாந்து குடிக்கிறவன்கூட அன்று வாய் வைத்துத்தான் குடித்தான். எவர் வீட்டிலும் ஒரு பேச்சு எழவில்லை. கோப்பை என்பதால் விட்டுவிட்டார்கள் போலும்.

அங்கிருந்து தலைமையாசிரியர் வீடு, பிறகு மற்ற வாத்தியார்கள் வீடு. மோர், எலுமிச்சைச் சாறு, ஒரு வீட்டில் பாயசம். அதுவே வழக்கமாகிவிட்டது. கோப்பை வந்தால் முதல் வீடு எங்கள் வீடு. அங்கே நிரப்பாமல் வேறு எங்கும் நிரப்புவதில்லை. நாங்கள் யாரும் போட்ட சட்டம் இல்லை, பையன்களாகப் போட்டுக்கொண்டது.

கடைசிக் கோப்பை வந்தது அறுபத்தெட்டில். இப்போது ஆடுகிற பையன்கள் அப்போது மூக்கு ஒழுகிக்கொண்டு நின்றவர்கள். இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

கிளாராவிடம் சொன்னேன், "வெல்லம் வாங்காதே" என்று. வாங்கிவிட்டாள்.

18-9-74

பள்ளிக்கூடப் பியூன் முனிரத்தினம் வழியில் நிறுத்திச் சொன்னான். "கண்ணாடி பீரோ செய்ய ஆசாரிக்குச் சொல்லிகீறாரு டிரில் மாஸ்டரு. கப்பு வந்தா அதுல வெச்சிப் பூட்டிடுவாராம். கை பட்டா பாலிஷ் பூடுமாம்."

கை பட்டாலே போய்விடுமாம். அப்படியானால் வாய் பட்டால்?

சாயங்காலம் அந்த மனிதரே வீட்டுக்கு வந்தார். இறுதி ஆட்டம் பார்க்கக் காஞ்சிபுரத்துக்கு வரவேண்டும் என்றார். "நீங்க வந்தா பசங்களுக்குத் தெம்பா இருக்கும் சார்."

முழங்கால் வலி என்றேன். நல்ல மரியாதையான பிள்ளை. உட்காரச் சொன்னால்தான் உட்கார்ந்தார். மரியாதைக்குக் கூப்பிட்டார், அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டார் கிழட்டுச் சித்தப்பாவையும் ஒரு வார்த்தை கூப்பிடுவது இல்லையா, அதுபோல.

அவர் போன பிறகு கிளாரா கேட்டாள், "முழங்காலு எப்பலேர்ந்து?"

27-9-74, வெள்ளி

நாளை இறுதி ஆட்டம். பூந்தமல்லிக்கு, மகள் செல்வமேரி வீட்டுக்குப் போவதென்று முடிவு செய்தேன்.

கிளாராவுக்கு இது பிடிக்கவில்லை. "ஜெயிச்சிட்டா கப்போட வருவாங்களே?"

"எங்க வருவாங்க? டிரில் மாஸ்டர் வூட்டுக்குப் போவாங்க. மோளம் அடிச்சிக்கினு நம்ம வாசலைத் தாண்டிப் போவாங்க. அதை நான் ஜன்னல்ல நின்னு பார்க்கணுமா?"

குரல் உயர்ந்துவிட்டது. முப்பத்தைந்து வருஷம் வகுப்பில் உயராத குரல். கிளாரா உள்ளே போய் வெல்லத்தை எடுத்து என் வேட்டிகளுக்கு நடுவில் வைத்துப் பெட்டியை மூடினாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்று பயம்.

29-9-74, ஞாயிறு. பூந்தமல்லி

மாதா கோயிலுக்குப் போனோம். மண்டியிட்டேன். முழங்கால் வலிக்கவே இல்லை. என்ன கேட்டு ஜெபித்தேன்? ஆட்டம் நேற்றே முடிந்திருக்கும், முடிவுதான் தெரியாது; பையன்கள் ஜெயித்திருக்கவேண்டும் என்று ஆரம்பித்தேன். பாண்டுரங்கன் ஜெயிக்காமல் பையன்கள் மட்டும் ஜெயித்திருக்க வழி உண்டா என்று மனம் தேடியது. அதற்கு மேல் ஜெபம் ஓடவில்லை. எழுந்துவிட்டேன்.

30-9-74

பேப்பரில் ஓரத்தில் இரண்டு வரி. ஜெயித்துவிட்டார்கள். மாவட்டக் கோப்பை.

மருமகன் சத்தமாகப் படித்துவிட்டு, "உங்க ஸ்கூலு மாமா!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். சிரித்தேன். என் பள்ளிக்கூடம்தான். சந்தோஷம் என்று வந்தது, உள்ளே வரும்போதே கசந்துபோயிற்று. திரிந்த பாலை வடிகட்டி மறுபடி பாலாக்க முடியுமா?

2-10-74

இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை. கிளம்பலாமா என்று கிளாரா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

4-10-74, வெள்ளி

ஊர் வந்துவிட்டோம். எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடை பெஞ்சிலிருந்து முனிரத்தினம் எழுந்து வந்தான். "இன்னா வாத்தியாரே, ஊரே தேடிக்கினு கீது, வூட்டப் பூட்டிக்கினு போயிட்டீங்களே?"

அவன் சொன்னது இது. சனிக்கிழமை மாலை பையன்கள் கோப்பையோடு இறங்கினார்கள். மேளம் வைத்து ஊர்வலம். நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பூட்டு. கூப்பிட்டுப் பார்த்தார்கள். கொல்லைப் பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தார்கள். பாண்டுரங்கன், சரி வாங்கடா, நம்ம வீட்டுக்குப் போகலாம், என் மனைவி எல்லாம் கரைத்து வைத்திருக்கிறாள் என்றாராம். கேப்டன் சுப்பன் அசையவில்லையாம்.

"மொத வூடு சாலமோன் சார் வூடு சார். அது ஆவாம வேற வூட்ல ரொப்ப மாட்டோம்."

அவன் அண்ணன் அறுபத்தெட்டில் என்னிடம் ஆடியவன். அவன்தான் சொல்லி வைத்திருக்கிறான். மற்ற பையன்களும் சுப்பன் பக்கம் நின்றுவிட்டார்கள். தலைமையாசிரியர் வீட்டில் சாறு பிழிந்து வைத்துக் காத்திருந்தார்கள். யார் வீட்டுக்கும் போகவில்லை. மேளக்காரனை அனுப்பிவிட்டுக் கோப்பையைப் பள்ளியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கலைந்தார்களாம். மாவட்டத்தையே ஜெயித்த பையன்கள், ஒரு வாய் குடிக்காமல்.

"கண்ணாலத்துல தாலிய மறந்துட்டா மாரி ஆயிப்போச்சு சார்" என்றான் முனிரத்தினம்.

வீட்டுக்கு வந்தால் தாழ்ப்பாளில் ஒரு சாமந்தி மாலை. சருகாகிக் கிடந்தது. கோப்பைக்குப் போட்டிருந்த மாலையாம்.

கிளாரா பெட்டியைத் திறந்தாள். வெல்லம் இளகி என் வேட்டியெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக்கிடந்தது. அப்படியே வேட்டியை ஊறப் போட்டாள்.

நான் ஏன் போனேன்? யார் என்னைத் துரத்தினார்கள்?

5-10-74

பாண்டுரங்கன் வந்தார். உட்காருங்கள் என்று சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார். அதிலேயே தெரிந்துவிட்டது.

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"சார், ரெண்டு வருஷமா இருட்டோட எழுப்பி ஓட வெச்சவன் நான். கால்ல அடிபட்டா எண்ணெய் தேச்சி விட்டவன் நான். என் வூட்ல ஒரு வாய் குடிக்க மாட்டேனுட்டானுங்க. லீலா அண்டா நிறைய கரைச்சி வெச்சிருந்தா. மறுநாள் மாட்டுத் தொட்டியில ஊத்தினா. எனக்கு எப்படி இருக்கும்?"

"எப்படி இருந்தது?" என்று கேட்டேன். வேண்டுமென்று கேட்கவில்லை, வந்துவிட்டது.

"வயிறு எரிஞ்சிது சார். உங்க மேலதான். மறைக்கிறதுக்கு இன்னா கீது?"

பொய் எழுதக் கூடாது. முதலில் எனக்கு இனித்தது. நாக்கில் வெல்லம் வைத்ததுபோல. இவருக்கு என்மேல் பொறாமையா! பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். சரியாகத் தூங்காத முகம். ஆகஸ்டிலிருந்து சவரக் கண்ணாடியில் நான் பார்த்துவருகிற அதே முகம்.

சமன்பாட்டில் இரண்டு பக்கமும் ஒரே எண் இருந்தால் இரண்டையும் அடித்துவிடலாம் என்று எத்தனை பையன்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

"எனக்கும் அதேதான் தம்பி" என்றேன். "நீங்க வந்த நாள்லேர்ந்து. அந்த விசிலக் கேட்டாலே ஆவாது எனக்கு. முழங்கால் வலின்னு சொன்னது பொய். பூந்தமல்லிக்கு ஓடினதே உங்க வூட்டு வாசல்ல மோளம் நிக்கறதப் பார்க்க முடியாமத்தான்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். சத்தமாக இல்லை. கிளாரா கொண்டுவந்த காப்பியை இரண்டு பேரும் குடித்து முடித்தோம்.

போகும்போது கேட்டார், "நாளைக்கு வூட்ல இருப்பீங்கதானே?"

6-10-74, ஞாயிறு

மாலை கோப்பை வந்தது. மேளம் இல்லை. பையன்களே தகரத்தைத் தட்டிக்கொண்டு வந்தார்கள். பெரிய கோப்பைதான், இரண்டு காது. கிளாரா புளி போட்டுத் தேய்த்தாள். பாலிஷ் போய்விடும் என்று பாண்டுரங்கன் சொல்லவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டே நின்றார்.

சுப்பன் முதல் வாய். பிறகு வரிசையாக. வாய் வைத்துத்தான்.

அடுத்த வீடு டிரில் மாஸ்டர் வீடு என்று நான் சொன்னேன். கூடவே நடந்தேன். லீலா வாசலில் நின்றிருந்தாள். சின்னப் பெண். "இன்னைக்காவது சார் வூடு தொறந்திருந்துச்சே, எங்க மாட்டுக்கு இனிமே பானகம் கெடைக்காது" என்றாள். தலைமையாசிரியர் முதல் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உறைத்தது, உறைக்கத்தானே சொன்னாள்.

பையன்களிடம் சொன்னேன்: அடுத்த வருஷம் முதல் வீடு பாண்டுரங்கன் சார் வீடாக இருக்கட்டும். உழைத்தவர் அவர்.

சுப்பன் யோசித்தான். "அதெல்லாம் அடுத்த வருசம் ஆடறவங்க பார்த்துக்குவாங்க சார்."

2-1-75

கண்ணாடி பீரோ வந்துவிட்டதாம். பூட்டு போடவில்லை என்று முனிரத்தினம் சொன்னான்.

4-10-1975, சனி

மறுபடியும் ஜெயித்துவிட்டார்கள். இந்தத் தடவை காஞ்சிபுரத்துக்குப் போனேன். முன்வரிசை பெஞ்சு. தொண்டை கட்டிவிட்டது. ஆட்டம் முடிந்ததும் பையன்களுக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்து வந்து கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்து வைத்தேன்.

பொழுது சாய்ந்ததும் மேளம் கேட்டது. தெரு முனை வந்தது. எங்கள் வாசலுக்கு வந்தது. நிற்கவில்லை. தாண்டி, பாண்டுரங்கன் வீட்டுப் பக்கம் திரும்பியது.

"நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் கிளாரா.

"சொன்னேன். கேப்பானுங்கன்னு நெனைக்கல."

வயிறு எரியத்தான் செய்தது. அதுவும் என்னோடு கிழமாகியிருக்கவேண்டும், கொஞ்சம்தான் எரிந்தது. வாசலிலேயே நின்றேன். உள்ளே போகவில்லை.

பிறகு வந்தார்கள். பாண்டுரங்கன் கையில் கோப்பை. கிளாராவிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி, புளியை எடுக்கப் போனவள் நின்று, உள்ளே முகர்ந்து பார்த்தாள்.

"லீலா ஏலக்காயைத் தூக்கலா போட்டுட்டா" என்றாள்.

பிறகு கழுவாமலே ஊற்றினாள்.