பூட்டிய கதவும் வாலு எழுதிய வாக்கியமும்

அன்பு மகன் பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம், என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது எப்போதும் உள்ளதுதான். நீ சுகமென்று உன் கையெழுத்தில் படித்தால்தான் நம்புவேன். முதலில் நல்ல சேதி. உன் தங்கச்சியின் மூத்தவள் நர்சுப் படிப்பில் வகுப்பிலேயே முதல், வெள்ளை உடுப்பில் அவளைப் பார்த்தால் காய்ச்சலே இல்லாமல் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவள் தம்பி, மந்தம் மந்தம் என்றோமே, சைக்கிள் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தான், முதலில் வந்தவனுடைய சைக்கிள் புத்தம் புதுசு என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நம் சின்னவனின் மகள் வாலு ஏழாம் வகுப்பில் ஒரு இங்கிலீஷ் வாக்கியம் எழுத, டீச்சர் அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு வகுப்பையே கைதட்ட வைத்தாராம். அந்த வாக்கியம் செய்த கூத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இங்கிலீஷில் ஒரு சொலவடையாம், மாட்டின் கொம்பைப் பிடித்து நிறுத்துவது என்று. கஷ்டம் வந்தால் ஓடி ஒளியாமல் எதிரே போய் நின்று பிடிப்பதாம். மாட்டை மூக்கணாங்கயிற்றில் பிடிக்காமல் கொம்பில் பிடிக்கிறவன் விவரங்கெட்டவன் என்றேன், நீ சும்மா இரு பாட்டி, பரீட்சைக்கு இதான் வரும் என்று என்னையே அதட்டினாள். அதை வைத்து ஐந்து வாக்கியம் எழுத வேண்டுமாம். நாலில் ராஜாவையும் மாலுமியையும் போட்டவள் ஐந்தாவதில் என்னைப் போட்டுவிட்டாள். என் பாட்டி போன மாதம் மாட்டின் கொம்பைப் பிடித்து நிறுத்தினார், சலவைக்கூடத்தின் பூட்டிய கதவைத் திறக்கும்படி சூப்பர்வைசரிடம் நேரிலேயே கேட்டார் என்று.

உனக்குத் தெரியாதே, சலவைக்கு வந்த ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு இரண்டு காணாமல் போனதிலிருந்து எங்கள் இஸ்திரி அறையை வெளியிலிருந்து பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறான் அந்த சூப்பர்வைசர். உள்ளே பன்னிரண்டு பேர். போன மாதம் ஒரு இஸ்திரிப் பெட்டியின் ஒயர் கருகி அறை முழுக்கப் புகை மண்டிவிட்டது, கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கியது, அவன் டீ குடித்துவிட்டு நிதானமாக வந்து திறந்தான். வீட்டுக்கு வந்ததும் சின்னவன், நீ சும்மாவாம்மா விட்டே என்று கேட்டான். சும்மா விடுவேனா, நாங்க என்ன துணியா சார் மடிச்சு உள்ள வச்சுப் பூட்ட, இனிமே கதவைத் தொறந்து போடுங்கன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டேன் என்றேன். அது பொய்யப்பா. அன்றைக்கு அவனைக் கண்டதும், டீ குடிச்சாச்சா சார் என்றுதான் கேட்டேன். அந்தப் பொய்யை வாலு வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

சூப்பர்வைசர் மகனும் அதே வகுப்பு. வாக்கியம் அன்றைக்கே அவன் வீட்டுக்குப் போய்விட்டது. புதன்கிழமை சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, நீ எப்போம்மா என்னைக் கேட்டே, உன் பேத்தி எழுதினது பொய்னு வெள்ளிக்கிழமைக்குள்ள பள்ளிக்கூடத்துல வந்து சொல்றே, இல்லேன்னா வேலைக்கு வராதே என்றான். அன்று சாயந்திரம் வாலுவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, கோபிக்கவில்லை, அப்போ நான்தான் பொய் எழுதிட்டேனா பாட்டி என்றாள். நாற்பது வருஷம் சூட்டில் நின்றவள், எனக்கு அப்படி எதுவும் சுட்டதில்லை.

வியாழக்கிழமை எல்லோரும் உள்ளே போனபின் நான் முக்காலியை நிலைப்படியின் நடுவே போட்டு உட்கார்ந்துவிட்டேன். கதவை எப்படிச் சாத்துவான்? எழுந்திரு என்றான். முழங்கால் வலி சார், தூக்கி உள்ள வச்சுட்டுப் பூட்டிக்குங்க, எழுபது கிலோதான் என்றேன். உள்ளே ஒரே சிரிப்பு. பேத்தி எழுதினது பொய்யில்ல சார், தேதிதான் முந்திப் போயிருச்சு, இன்னைக்குத்தான் நடக்குது என்று சொல்லிவிட்டு, அன்றைக்குக் கேட்காமல் விட்டதை முழுசாகக் கேட்டேன். குரல் நடுங்கியது, நடுங்கினால் நடுங்கட்டும் என்று கேட்டேன். பக்கத்து மேசைக்காரி, என்னோடு ஆறு மாதமாகப் பேச்சில்லை, அவள்தான் முதலில் பெட்டியை அணைத்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக அணைத்தார்கள். இஸ்திரி போடாத விரிப்பு தோளுயரம் குவிந்தது. மத்தியானம் விரிப்பு வரவில்லையென்று ஆஸ்பத்திரியிலிருந்து முதலாளிக்குப் போன், முதலாளியிடமிருந்து இவனுக்குப் போன். பூட்டைக் கழற்றி அவன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

என்னை வேலையை விட்டு நிறுத்த முடியவில்லை, நிறுத்தினால் மறுபடி பெட்டி அணையும். அதனால் துவைக்கிற பக்கத்துக்கு மாற்றிவிட்டான். ஈரத்தில் நிற்கிற வேலை, விரல் நுனியெல்லாம் வெடிக்கிறது. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் பழைய இடம் உண்டாம். கேட்க மாட்டேன். அவன் காத்துக்கொண்டே இருக்கட்டும், எனக்கு வேலை கிடக்கிறது. வேலையை விட்டுவிடு அம்மா என்று நீ எழுதாதே, எழுதினாலும் விடமாட்டேன். கைக்குத் தடவ நல்ல களிம்பு இருந்தால் அனுப்பு. வாலு தானாகவே நோட்டை டீச்சரிடம் கொண்டுபோய், போன மாதம் என்பதை அடித்து வியாழக்கிழமை என்று திருத்திக் காட்டினாளாம். இந்தத் தடவை கைதட்டல் ஒன்றும் இல்லையாம், ஆனால் எனக்கு இதுதான் பெரிய பரிசு.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே, உன்னை அதட்டுகிறவன் எவனாக இருந்தாலும் உட்கார்ந்தபடியே பதில் சொல்லலாம், நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். உன் புது போட்டோ ஒன்று தபாலில் அனுப்பு, போனில் வேண்டாம், எனக்குச் சுவரில் மாட்ட வேண்டும். போன தடவை மாதிரி யாரிடமோ கோட்டு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு நிற்காதே. வேலை முடிந்து வருகிற முகம் எப்படி இருக்கிறதோ அப்படியே எடுத்து அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா