ஒன்பதாம் பக்கத்தில் கிடந்த வரி

புதன், இரவு.

நெற்பயிரைத் தாக்கும் புகையான் பூச்சி பற்றிய என் கட்டுரையை ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது! மதியம் மின்னஞ்சல் வந்ததும் கல்லூரியிலிருந்து நேரே பஸ் ஏறி, சாலவாக்கத்தில் அண்ணியின் வயலுக்குப் போனேன். அந்த வயலில்தான் ஆய்வு செய்தேன்.

இதற்கு முன் இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பிவிட்டன. என்ன கண்டுபிடித்தேன் என்றே புரியவில்லையாம். ஆறு மாதத்துக்கு முன் அண்ணியிடம் சொல்லி அழுதேன்.

"நீ இன்னாதான் கண்டுபுடிச்ச?" என்றாள்.

"தண்ணிய நிறுத்தி வயல காயவுட்டா புகையான் கொறையுது அண்ணி."

"அத்த எங்க எழுதிக்கீற?"

"ஒம்பதாம் பக்கத்துல."

"அதுவரிக்கும் எவன் படிப்பான்? மேல தூக்கி வை."

அன்றைக்கே அதை முதல் வரியாக்கினேன். முன்னுரையில் பாதியை வெட்டி எறிந்தேன். மனசு வலித்தது. ஆனாலும் அதன் பிறகுதான் எனக்கே என் கட்டுரை விளங்கியது.

இன்று செய்தியைக் கேட்டதும் அண்ணி சேற்றுக் கையோடு என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"என் பேரு போட்டுக்கீறியா?"

நன்றியுரையைப் போனில் காட்டினேன். தன் பெயரை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு நடவு செய்துகொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கத்தினாள்:

"அடியே, எல்லாம் இங்க வாங்கடி! புக்குல என் பேரு கீது!"