அப்பாவின் புளிப்பு மிட்டாய்

பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நீ நன்றாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன். நாலாவது வரை படித்த கை, எழுத்து கோணலாகத்தான் வரும். பொறுத்துப் படி.

அப்பா கண்ணை மூடி நேற்றோடு இரண்டு மாதம். நீ ஏன் வரவில்லை என்று கேட்க இதை எழுதவில்லை. காகிதங்களில் கையெழுத்துப் போட்டுப் போட்டு விரல் மரத்துவிட்டது. ஒரு வேளை சமைத்ததை மூன்று வேளை சாப்பிடுகிறேன். அப்பாவிடம் கால்பந்து பழகின பெண் பிள்ளைகளின் பதினாறு பனியனையும் இன்னும் நான்தான் துவைக்கிறேன். முடியாது என்று சொல்லக்கூடத் தெம்பில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நீ ஆட்டத்தை விட்ட மறுவாரமே அப்பா மைதானத்தில் கத்துவதை விட்டுவிட்டார். ஆட்டம் தொடங்கினால் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து ஒரு புளிப்பு மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வார். கடிக்கமாட்டார். அது கரைகிற வரை பேசக் கூடாது என்று தனக்குத்தானே போட்ட சட்டம். பிள்ளைகள் தப்பாக ஓடினாலும் வாய் திறக்கமாட்டார். இடைவேளையில், "என்ன பாத்தீங்க? இனி என்ன செய்யப் போறீங்க?" என்று இரண்டே கேள்வி. அதுகளே சண்டை போட்டுப் பேசி முடிவு செய்யும். பெற்றவர்கள் சும்மா விடுவார்களா? "கோச் பூங்காவுக்குக் காத்து வாங்க வந்திருக்காரு" என்பார்கள். பிள்ளைகள் வைத்த பேர் ஊமை சார்.

இப்போது புது கோச். சின்ன வயசு, நல்ல பையன்தான். ஆனால் தொண்டை ஓயாது. "குடு, குடு! திரும்பு! அங்க யாரு நிக்கிறா பாரு!" போன ஞாயிறு அரை நேரத்துக்குள் ரெண்டு கோல் வாங்கினார்கள். பந்து காலுக்கு வந்ததும் எல்லாம் அவர் முகத்தையே பார்க்கிறதுகள். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு இறுதி ஆட்டத்தில், அப்பா கத்தக் கத்த, நீயும் அப்படித்தான் நின்றாய்.

இடைவேளையில், குட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற பெண், "சார், நாங்களே கொஞ்சம் பேசிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டாள். அவர் முகம் சுருங்கிப்போனது. நேரே என்னிடம் வந்து, "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் இதுங்களுக்கு என்னதான் சொல்லிக் குடுத்தார்?" என்றார்.

"ஒண்ணும் சொல்லிக் குடுக்கல தம்பி. அப்படிச் சொல்லாம இருக்கப் பழகவே அவருக்கு ரொம்ப நாள் ஆச்சு" என்றேன். பையில் கிடந்த அப்பாவின் மிட்டாய் ஒன்றை நீட்டி, கரையும்வரை பேசாமலிருக்கச் சொன்னேன். முறைத்தார். அப்புறம் சிரித்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

தோற்றுத்தான் போனார்கள். ஆனால் கடைசியில் ஒரு கோல். குட்டை யார் முகத்தையும் பார்க்காமல் அடித்தாள்.

பாப்பா, நீ ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டுப் போன அன்று அப்பா சாப்பிடவில்லை. "அவ பந்தைப் பாக்கல, என் முகத்தைப் பாத்தா. தப்பு என் மேலதான்" என்றார். இதை உன்னிடமே சொல்லுங்கள் என்று எத்தனையோ தரம் சொன்னேன். போனை எடுப்பார், உன் நம்பரைப் பார்ப்பார், வைத்துவிடுவார். அதைச் சொல்ல மட்டும் அவருக்கு வாய் வரவேயில்லை.

இந்த இடத்தில் இரண்டு வரி எழுதி அடித்திருக்கிறேன், உற்றுப் பார்க்காதே. நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லக் கூடாது. அதற்காகத்தான் ஒரு மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு எழுதுகிறேன். அப்பாவின் மிட்டாய் டப்பாவில் இன்னும் ஏழு இருக்கிறது.

எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல் இரு. உன் அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். சும்மாதான்.

அம்மா